பொன்வால் நரியும் பாரதியும்

மகாகவி சுப்பிரமணிய பாரதியாரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் நாட்டுப்பற்று, தெய்வப்பற்று, தமிழ்ப்பற்று, பெண் விடுதலை என்று நான்கு தூண்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு மண்டபம் எழுப்புவது வழக்கமாகிவிட்டது. மண்டபம் கம்பீரமானதுதான். ஆனால் அதனுள்ளே சிரிப்பொலி கேட்பது அரிதாக இருக்கிறது. பாரதியாரோ வாழ்நாள் முழுவதும் சிரித்தவர். பிறரைச் சிரிக்க வைத்தவர். தம்மையே பார்த்தும் சிரித்துக்கொண்டவர். அவர் 1914-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட 'பொன்வால் நரி' என்னும் சிறு நூலை நடுவில் வைத்து அவருடைய வாழ்வை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பாரதியார் 1882 டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். அதே டிசம்பரில்தான் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைமையகத்தை நிறுவிக் குடியேறினர். 1875-இல் நியூயார்க்கில் பிறந்த சபை அது. ஒரே மாதத்தில் தமிழ் மண்ணில் கால்பதித்த இவ்விரு சக்திகளும் முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு நகைச்சுவை நூலில் சந்திக்க நேர்ந்தது.

எட்டயபுரம் நமக்கு அயலூர் அன்று. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்படும் வரை நம் சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளும் எட்டயபுரமும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அதே கரிசல், அதே பருத்தி, அதே வானம் பார்த்த விவசாயம். பாரதியாரின் தந்தை சின்னசாமி ஐயர் அந்தப் பருத்தியை நம்பி எட்டயபுரத்தில் ஆலை வைத்து, அது நொடித்துப்போய், பொருளை இழந்து, 1898-இல் மனமுடைந்து மறைந்தார். ஐந்து வயதில் தாயையும் பதினாறு வயதுக்குள் தந்தையையும் இழந்த பிள்ளை சுப்பையா.

ஆயினும் அப்பிள்ளைக்கு 1893-இலேயே, பதினோராம் வயதில், எட்டயபுரம் அரசவையில் பாரதி என்னும் பட்டம் கிடைத்துவிட்டது. அதே 1893 நவம்பரில்தான் அன்னி பெசண்ட் அம்மையார் இந்தியாவுக்கு முதன்முதலாக வந்தார். கொழும்பிலிருந்து கப்பலேறி அவர் வந்து இறங்கிய துறைமுகம் தூத்துக்குடி. சிகாகோ நகரில் விவேகானந்தர் முழங்கிய சர்வமத மகாசபையில் அவரும் கலந்துகொண்டு திரும்பியிருந்த நேரம். லண்டனில் நாத்திகப் பிரசாரகராகவும் தொழிலாளர் தோழராகவும் பெயர் பெற்று, 1889-இல் பிரம்மஞான சபையில் சேர்ந்தவர் அவர்.

தந்தையின் மறைவுக்குப் பின் பாரதியார் காசிக்குச் சென்று அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். அன்னி பெசண்ட் அம்மையார் அதே காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கியதும் அந்த 1898-ஆம் ஆண்டே. பிற்காலத்தில் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கு வித்தாக அமைந்த கல்லூரி அது. தன் சமயத்தையும் சாத்திரத்தையும் பற்றிக் கூச்சப்படக் கற்றுக்கொண்டிருந்த ஆங்கிலம் படித்த இந்தியனுக்கு, ஒரு வெள்ளைக்கார அம்மையார் கீதையையும் உபநிடதத்தையும் மேடையேறிப் புகழ்ந்தது பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்கு ஒரு விலையும் இருந்தது. நம் வீட்டுச் செல்வத்தின் மதிப்பை வெளியிலிருந்து ஒருவர் வந்து சொன்னால்தான் நம்புவோம் என்னும் பழக்கம் அதனோடு சேர்ந்தே வந்தது. பாரதியாரின் பகடி பின்னாளில் குறிவைத்தது இந்தப் பழக்கத்தையே என்று நான் கருதுகிறேன்.

காசியிலிருந்து மீண்டு, எட்டயபுரம் அரசவையில் சில காலம் இருந்து, 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் ஆசிரியராகப் பணியாற்றி, அவ்வாண்டின் இறுதியில் சென்னை 'சுதேசமித்திரன்' இதழுக்கு வந்து சேர்ந்தார் பாரதியார். 1905-இல் காசி காங்கிரசுக்குச் சென்று திரும்பும் வழியில் கல்கத்தாவில் சகோதரி நிவேதிதையைக் கண்டு அவரைக் குருவாக ஏற்றார். 1908-இலும் 1909-இலும் வெளிவந்த தம் தேசப்பாடல் நூல்களை அந்தக் குருவுக்கே காணிக்கையாக்கினார். இச்செய்தியை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நிவேதிதை அயர்லாந்தில் பிறந்தவர், வெள்ளைக்காரர், பெண். ஆகவே பாரதியார் அன்னி பெசண்ட் அம்மையாரை எள்ளியதற்கு அவர் அந்நியர் என்பதோ பெண் என்பதோ காரணமாக இருந்திருக்க முடியாது.

1906-இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் கேலிச் சித்திரங்களை வெளியிட்டார். தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கருத்துப் படங்களுக்கு வழிவகுத்த முன்னோடி அவர். அதிகாரத்தை எதிர்க்க ஆவேசம் ஒரு கருவி, சிரிப்பு மற்றொரு கருவி என்பதை இளமையிலேயே அறிந்திருந்தார். 1908-இல் கைது நெருங்கவே புதுச்சேரிக்குச் சென்றார். அங்கிருந்து வந்த 'இந்தியா' 1910 மார்ச்சில் நின்றுபோயிற்று. 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டபின் ஒற்றர்களின் நெருக்கடி மிகுந்தது. வறுமையும் கண்காணிப்பும் சூழ்ந்த அக்காலத்தில்தான் கண்ணன் பாட்டும், குயில் பாட்டும், பாஞ்சாலி சபதமும் பிறந்தன. 'பொன்வால் நரி'யும் அந்த மண்ணில் பிறந்ததே.

அப்போது அடையாற்றில் நடந்தவற்றை அறிந்தால்தான் பகடியின் சுவை புலப்படும். 1907-இல் ஆல்காட் மறைந்தபின் அன்னி பெசண்ட் அம்மையார் சபையின் தலைவரானார். 1909-இல் சபையின் ஞானக்கண் படைத்தவராகக் கருதப்பட்ட லெட்பீட்டர், அடையாற்றுக் கடற்கரையில் ஒரு சிறுவனைக் கண்டார். சபையில் பணிபுரிந்த நாராயணய்யாவின் மகன் ஜே. கிருஷ்ணமூர்த்தி அவர். உலகம் எதிர்நோக்கும் ஜகத்குரு இச்சிறுவன் உடலில் எழுந்தருளப் போகிறார் என்று அறிவிக்கப்பட்டது. 1911-இல் கிழக்கின் நட்சத்திரச் சங்கம் அவருக்காகவே அமைக்கப்பட்டது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவருடைய முற்பிறவி வரலாறுகள் 1910 முதல் சபையின் இதழில் வரிசையாக வெளிவந்தன. சபையின் அன்பர்கள் பலரும் வேறு வேறு பிறவிகளில் அவருக்குத் தாயாகவும் தமையனாகவும் துணையாகவும் அவற்றில் இடம்பெற்றனர். அந்தப் பட்டியலில் தமக்கு இடம் உண்டா என்று அன்பர்கள் ஒருவரையொருவர் ஆவலோடு விசாரித்துக்கொண்டனராம். இதற்குமேல் பகடி எழுத ஒரு கவிஞனுக்கு என்ன வேண்டும்?

சிறுவனின் தந்தை மனம் மாறி 1912-இல் மகன்களைத் திரும்பக் கேட்டுச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தந்தைக்காக வாதாடிய வழக்கறிஞர் சி. பி. ராமசாமி ஐயர். அம்மையார் தம் பக்கத்தைத் தாமே வாதிட்டார். 1913 ஏப்ரலில் தீர்ப்புத் தந்தைக்குச் சாதகமாயிற்று. 1914 மே மாதம் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றி அம்மையாருக்கு வெற்றியளித்தது. தமிழகத்துப் படித்த வட்டாரம் இரு பிரிவாகி வாதிட்ட காலம் அது. அரசியலிலும் மனக்கசப்பு இருந்தது. மாணவர் கிளர்ச்சியையும் தீவிரவாதிகளின் போக்கையும் அம்மையார் கண்டித்து வந்தார். வ. உ. சி. செக்கிழுத்த காலத்துத் தேசபக்தர்களுக்கு அது எளிதில் ஆறாத புண்.

அந்தச் சூழலில் 1914-இல் வெளிவந்தது 'பொன்வால் நரி'. உட்பொருள் கொண்ட நீதிக்கதை என்று ஒரு துணைத்தலைப்பும் அதற்கு இட்டிருந்தார் பாரதியார். பகடி அந்தத் துணைத்தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. சபையார் எதற்கெடுத்தாலும் உட்பொருள், மறைபொருள் என்பர். அந்தச் சொல்லையே எடுத்துத் தம் நரிக்கதைக்கு நெற்றிப் பொட்டாக வைத்துவிட்டார். பஞ்சதந்திரம் கேட்டு வளர்ந்த நாட்டில் நரி என்றாலே குழந்தையும் எச்சரிக்கையாகும். அதற்குப் பொன்வால் வேறு இருந்துவிட்டால் பெரியவர்களும் எச்சரிக்கையை மறந்துவிடுவர். கதையின் சூட்சுமம் இவ்வளவே. முழுக்கதையையும் நான் இங்கே சுருக்கப் போவதில்லை. நகைச்சுவையைச் சுருக்கினால் சுருக்கம்தான் எஞ்சும், நகைச்சுவை போய்விடும். விலங்குக் கதைக்குள் ஒளிந்திருக்கும் நரி யார் என்பதில் மட்டும் வாசகர்களுக்கு ஐயம் எழவில்லை.

தமிழுக்கென்றே வாழ்ந்த கவிஞர் இதை ஏன் ஆங்கிலத்தில் எழுதினார் என்று இளைய கவிஞர்கள் கேட்கலாம். அம்மையாரின் அன்பர்கள் மயிலாப்பூரின் வழக்கறிஞர்கள், நீதிபதிகள், பட்டதாரிகள். கரிசல் காட்டு உழவன் அடையாற்று மகாத்மாக்களை நம்பி ஏமாந்தவன் அல்லன். நோய் எந்த மொழியில் இருந்ததோ அந்த மொழியில் மருந்து கொடுத்தார் பாரதியார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தப் பகடி நம்பிக்கையற்றவர் செய்த பகடி அன்று. அதே புதுச்சேரியில் அரவிந்தரோடு வேதம் பேசியவர், கீதையைத் தமிழாக்கியவர், பதஞ்சலியின் யோக சூத்திரத்தைத் தொட்டவர் பாரதியார். கந்தை மூட்டை சுமந்து தெருவில் திரிந்த குள்ளச்சாமி என்னும் சித்தரைத் தம் ஞானகுருவாகப் பாடியவரும் அவரே. ஊரார் பித்தன் என்று ஒதுக்கிய பரதேசியின் காலில் விழுந்த கவிஞர், ஊரின் பெரியவர்கள் எல்லாம் போற்றிய பீடத்தைப் பார்த்துச் சிரித்தார். குருவைத் தேடுவதை அவர் எள்ளவில்லை. குருவின் வாலைப் பார்த்து மயங்குவதைத்தான் எள்ளினார்.

இனி அன்பர்களின் செய்திக்கு வருவோம். ஒரு தத்துவத்தைப் பகடி செய்தால் அதன் அன்பர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைக் கைக்கொள்வர். பகடி செய்தவனுக்குத் தத்துவத்தின் ஆழம் புரியவில்லை என்று இரங்குவது முதல் வழி. அடையாற்றுத் தத்துவத்தில் இந்த விடை முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தது. உட்பொருள் அறியும் தகுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை அன்றோ? இரண்டாம் வழி, தலைவரின் தொண்டுகளைப் பட்டியலிட்டு, இத்தகையவரையா எள்ளுவது என்று சினப்பது. தொண்டுகள் உண்மையானவைதாம். ஆல்காட் 1894 முதல் சென்னையில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தார். அடையாறு நூலகம் அரிய ஓலைச்சுவடிகளைக் காத்துத் தந்தது. அம்மையாரின் கல்விப்பணியும் அரசியல் பணியும் பெரியன. ஆனால் தொண்டு பெரிது என்பதால் வால் பொன்னாகிவிடாது. மூன்றாம் வழி சிலருக்கே கைவருவது. பகடியைக் கேட்டு, தானும் சிரித்து, தன் வழியில் தொடர்ந்து நடப்பது.

அம்மையார் எவ்வழியில் நின்றார் என்பதற்கு வரலாறு தரும் விடை வியப்பானது. 1914-இல் 'நியூ இந்தியா' நாளிதழைத் தொடங்கிய அவர் 1916-இல் ஹோம்ரூல் இயக்கம் கண்டார். 1917-இல் அரசால் உதகையில் காவலில் வைக்கப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1918 நவம்பர் 20-ஆம் நாள் பாரதியார் புதுச்சேரியை விட்டு ஆங்கில ஆட்சி எல்லைக்குள் காலடி வைத்தவுடன் கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் விடுதலைக்காக முயன்றவர்களில் சுதேசமித்திரன் ஆசிரியர் ரங்கசாமி ஐயங்காரோடு அன்னி பெசண்ட் அம்மையாரும் சி. பி. ராமசாமி ஐயரும் இருந்தனர். டிசம்பர் 14-ஆம் நாள் பாரதியார் விடுதலையானார்.

அந்தக் காட்சியைச் சற்று நிறுத்திப் பார்க்கலாம். ஐந்தாண்டுகளுக்கு முன் நீதிமன்றத்தில் அம்மையாரை எதிர்த்து வாதிட்டவர் சி. பி.; அவர் ஹோம்ரூல் இயக்கத்தில் அம்மையாரின் வலக்கரமாகி நிற்கிறார். நான்காண்டுகளுக்கு முன் அம்மையாரை நரியாக்கிச் சிரித்தவர் பாரதியார். அவருக்காக அம்மையார் அரசிடம் பரிந்து பேசுகிறார். அன்பர்கள் வாலைக் காத்துக்கொண்டிருந்தபோது, வாலுக்கு உரியவர் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கவிஞனின் கைவிலங்கைப் பார்த்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. பகடியின் நியாயம் இதனால் குறைந்துவிடவில்லை. பகடி செய்யப்பட்டவரின் பெருமை இதனால் கூடியிருக்கிறது. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடும் என்பதை ஏற்பதற்குத்தான் அன்பர்களாகிய நமக்கு மனம் வருவதில்லை.

கதையின் கடைசி அத்தியாயத்தைப் பாரதியார் காணவில்லை. விடுதலைக்குப் பின் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் ஈராண்டு இருந்து, 1920-இல் மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்து, திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தாக்குண்டு, பின் நோயுற்று, 1921 செப்டம்பர் 12 அதிகாலையில் முப்பத்தொன்பது வயது நிரம்புமுன் மறைந்தார். எட்டாண்டுகள் கழித்து, 1929 ஆகஸ்ட் 3-ஆம் நாள் ஹாலந்து நாட்டு ஓமன் நகரில், ஜகத்குருவாக வளர்க்கப்பட்ட கிருஷ்ணமூர்த்தி தமக்காக அமைக்கப்பட்ட சங்கத்தைத் தாமே கலைத்தார். அம்மையாரும் அந்தக் கூட்டத்தில் அமர்ந்து அதைக் கேட்டார். பாரதியார் சிரித்துச் சொன்னதைக் கிருஷ்ணமூர்த்தி சிரிக்காமல் சொன்னார். வேறுபாடு அவ்வளவே.

அன்னி பெசண்ட் அம்மையாரின் அன்பர்களைப் பற்றிப் பேசிவிட்டுப் பாரதி அன்பர்களைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. நம்மில் பலர் 'பொன்வால் நரி'யைப் படித்ததில்லை. படித்தவர்களும் அதைத் தொகுதியின் கடைசிப் பக்கங்களில் ஒதுக்கி வைத்து, அரசியல் கோபத்தில் எழுதிய சிறு நூல் என்று சமாதானம் சொல்லிவிடுகிறோம். மகாகவி கேலி பேசலாமா என்னும் கூச்சம் நமக்கு. எட்டயபுரம் அரசவையை ஒத்த ஒரு ஜமீனையும், அங்கே வளர்ந்த ஒரு சிறுகவியையும் வைத்து அவர் எழுதிய 'சின்னச் சங்கரன் கதை' முற்றுப்பெறாமலேயே நின்றுபோயிற்று. அந்தச் சிறுகவி அவரேதான். அதையும் நாம் மேடைகளில் பேசுவதில்லை.

நம் ஊரில் ஆண்டுதோறும் அச்சாகும் நாட்காட்டிகளைப் பாருங்கள். முண்டாசு, முறுக்கு மீசை, நெருப்புக் கண்கள். சிவகாசி அச்சகங்கள் இந்தியா முழுமைக்கும் அனுப்பும் தெய்வப் படங்களோடு பாரதியாரும் ஒரு தெய்வப் படமாகிவிட்டார். அச்சுத் தொழிலாளியைக் குறை சொல்லவில்லை. கேட்பதைத்தான் அவர் அச்சிடுகிறார். கேட்பவர்கள் நாம். பொன்வால் நரியைப் படைத்தவருக்கே ஒரு பொன்வாலைக் கட்டிவிட்டோமோ என்னும் கவலை எனக்கு உண்டு.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டும் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. பாரதியார் உலக மகாகவிகளின் வரிசைக்கு உரியவர் அல்லர் என்று முப்பதுகளில் எழுதியவர் கல்கி. வ. ரா.வும் மணிக்கொடி எழுத்தாளர்களும் அவரோடு கடுமையாக மோதினர். அதே கல்கிதான் பின்னர் ஊர் ஊராக நிதி திரட்டி எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுப்பினார். 1945-இல் அடிக்கல் நாட்டி, 1947-இல் திறந்துவைத்தவர் ராஜாஜி. மாற்றுக் கருத்துச் சொன்னவர் மண்டபம் கட்டினார். ஒருவரை அளந்து பார்ப்பதும் அவரிடம் அன்பு கொள்வதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

பட்டாசுத் தொழில் செய்யும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கணக்குத் தெரியும். மருந்து மிஞ்சினால் வெடி பற்றவைத்தவன் கையிலேயே வெடிக்கும். குறைந்தால் புஸ்ஸென்று புகைந்து அடங்கும். பகடிக்கும் அதே கணக்குத்தான். வெறுப்பு மிஞ்சினால் அது வசையாகிவிடும். துணிவு குறைந்தால் முகத்துதியாகிவிடும். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923-இல் வேர்பிடித்தபோது பாரதியார் மறைந்து ஈராண்டு ஆகியிருந்தது. ஆயினும் அந்த அளவை அவர் அறிந்திருந்தார். அவர் கொளுத்திய வெடியின் ஓசையில் பலரும் திடுக்கிட்டனர். யாருடைய கையும் கருகவில்லை.

பத்தாண்டுகள் கூடிப் பேசியும் வாதிட்டும் வளர்ந்திருக்கும் நம் வட்டத்தில் மரபுக் கவிஞர் உண்டு, புதுக்கவிஞர் உண்டு, பெரியார் வழியினர் உண்டு, மார்க்சியர் உண்டு, வள்ளலார் அன்பர் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு குரு இருக்கிறார். அடுத்தவர் குருவின் வாலைக் காண நமக்குக் கண் கூர்மையாகவே இருக்கிறது. நம் குருவைப் பற்றி ஒருவர் நகைச்சுவையாக நான்கு வரி எழுதி வந்து வாசித்தால் அவரை மீண்டும் அடுத்த கூட்டத்திற்கு அழைப்போமா? பதினோராம் ஆண்டில் காலெடுத்து வைக்கும் வட்டம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. அழைப்போம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடிந்தால், பாரதியாருக்கு நாம் செய்யும் சிறப்பு வேறொன்றும் தேவையில்லை.